அழகுக்கு எத்தனை புள்ளி?

ஓட்டப்பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி விழுந்ததா, நின்றதா என்று பார்த்தால் போதும். காற்பந்தில் பந்து கோட்டைக் கடந்தால் கோல். ஆனால், சீருடற்பயிற்சி, முக்குளிப்பு, பனிச்சறுக்கு நடனம் போன்ற சில விளையாட்டுகளில் கடிகாரமும் அளவுகோலும் மட்டும் போதுவதில்லை. அங்கே வெற்றியை முடிவு செய்பவர்கள் நடுவர்கள்.

பள்ளியில் நடைபெறும் பேச்சுப் போட்டியையோ நடனப் போட்டியையோ நினைத்துப் பாருங்கள். முடிவு அறிவிக்கப்பட்டதும் மண்டபத்தின் ஒரு பக்கத்தில் கைதட்டல் எழும். மறுபக்கத்தில் முணுமுணுப்பு எழும். “அவள்தானே நன்றாக ஆடினாள்?” என்று யாராவது கேட்பார்கள். அந்த முணுமுணுப்பு உலக அளவில் எழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பனிச்சறுக்கு நடனத்தின் வரலாறு காட்டுகிறது.

ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் இந்த விளையாட்டு, மலைச்சரிவில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் பனிச்சறுக்கு அன்று. உறைந்த பனித்தளத்தின் மேல், அடியில் மெல்லிய எஃகுத் தகடு பொருத்திய காலணியை அணிந்து, இசைக்கேற்பச் சறுக்கியும் தாவியும் சுழன்றும் ஆடுவது இது. ஆண்கள், பெண்கள், இணையர் எனப் பல பிரிவுகள் உண்டு. போட்டியாளர் இரண்டு முறை ஆட வேண்டும். முதல் ஆட்டம் ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடி நீடிக்கும். இரண்டாவது ஏறத்தாழ 4 நிமிடம். நான்காண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்குக்காகச் செய்த பயிற்சியெல்லாம் இந்த ஏழு நிமிடத்திற்குள் அடங்கிவிடும்.

இது குளிர்நாட்டு விளையாட்டு என்றாலும் நம் வட்டாரத்திற்கு முற்றிலும் அந்நியமானதில்லை. 2017-இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவின் ஜூலியன் யீ இதில் தங்கப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலும் அவர் ஆடினார். முதல் ஆட்டத்தில் முதல் 24 இடங்களைப் பெறுவோருக்கு மட்டுமே இரண்டாவது ஆட்டத்தில் வாய்ப்பு. ஜூலியனுக்குக் கிடைத்தது 25-ஆவது இடம். நடுவர்கள் இடும் புள்ளியில் ஒரு சிறு பின்னம்கூட ஒருவருக்கு எவ்வளவு பெரிது என்பதை அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்விளையாட்டின் பெயரில் ‘ஃபிகர்’ என்ற சொல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கக் காலத்தில் போட்டியாளர்கள் பனித்தளத்தின் மேல் வட்டங்களையும் 8 போன்ற வடிவங்களையும் காலணித் தகட்டின் விளிம்பால் வரைந்து காட்ட வேண்டும். ஒரே கோட்டின் மீது மீண்டும் மீண்டும் பிசகாமல் செல்ல வேண்டும். வரைந்து முடித்ததும் நடுவர்கள் குனிந்து அந்தக் கோடுகளை ஆராய்வார்கள். இவ்வடிவங்களுக்கு ஒரு காலத்தில் மொத்தப் புள்ளியில் 60 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருந்தது.

கோட்டை ஆராய்ந்து புள்ளி இடுவது நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால், கோட்டுக்கு எவ்வளவு, நடனத்திற்கு எவ்வளவு என்று பங்கிட்டவர் யார்? 1972-இல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா தங்கம் வென்றார். வடிவம் வரைவதில் அவருக்கு நிகரில்லை. இசைக்கு ஆடும் பகுதியிலோ அவருக்கு ஏழாவது இடமே கிடைத்தது. தொலைக்காட்சியில் நடனத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, ஏழாவதாக வந்தவர் கழுத்தில் எப்படித் தங்கப் பதக்கம் விழுந்தது என்பது புரியவே இல்லை. அதன்பின் வடிவங்களுக்கான பங்கு படிப்படியாகக் குறைந்தது. 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளிலிருந்து அப்பகுதி முற்றாக நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் ஒவ்வொரு நடுவரும் இரண்டு மதிப்பெண்கள் வழங்குவார். ஒன்று ஆட்ட நுட்பத்திற்கு, மற்றொன்று கலைநயத்திற்கு. இரண்டுக்கும் உச்சம் 6.0. 1984-இல் சராயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜெயின் டோர்வில், கிறிஸ்டஃபர் டீன் இணை ஆடி முடித்தபோது, ஒன்பது நடுவர்களும் கலைநயத்திற்கு 6.0 வழங்கினர். ஒன்பது நாட்டவர் ஒரே எண்ணைக் காட்டியது இன்றும் பேசப்படுகிறது. அப்படி ஒருமித்த முடிவு வருவது மிக அரிது.

அந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. மதிப்பெண்களைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கமாட்டார்கள். ஒவ்வொரு நடுவரும் யாரை முதலிடத்தில் வைத்தார், யாரை இரண்டாம் இடத்தில் வைத்தார் என்பதைத்தான் எண்ணுவார்கள். ஒன்பதில் ஐந்து பேர் ஒருவரை முதலிடத்தில் வைத்தால் அவருக்கே வெற்றி. ஆகவே, முதலில் ஆடுபவருக்கு உயர்ந்த மதிப்பெண் வழங்க நடுவர்கள் தயங்குவர். பின்னால் வருபவர் இன்னும் சிறப்பாக ஆடிவிட்டால் இடம் வேண்டுமே! தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர், கட்டில் முதலாவதாக இருக்கும் தாளுக்குக் கை இறுக்கிப் புள்ளி இடுவதைப் போன்றது இது.

இந்த முறைக்கு முடிவு கட்டியது 2002-ஆம் ஆண்டு, பிப்ரவரி 11-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. இணையர் பிரிவில் 1964 முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் சோவியத் அல்லது ரஷ்ய ஆட்டக்காரர்களே தங்கம் வென்று வந்தனர். இம்முறை களத்தில் இருந்தவர்கள் ரஷ்யாவின் எலெனா பெரெஷ்னயா, அன்டோன் சிகருலிட்ஸே. அவர்களை எதிர்த்து நின்றவர்கள் கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே.

எலெனாவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1996-இல் பயிற்சியின்போது, அப்போதைய இணையரின் காலணித் தகடு அவருடைய மண்டையோட்டைத் துளைத்தது. மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மீண்டும் பேசவும் நடக்கவும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், புதிய இணையருடன், ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். நான்காண்டு கழித்து இப்போது தங்கத்திற்காக நின்றார்.

ரஷ்ய இணையின் ஆட்டம் கடினமானது, அழகானது. ஆனால், ஒரு தாவலின் முடிவில் அன்டோனின் கால் சற்றுத் தடுமாறியது. அடுத்து ஆடிய கனடிய இணை ஒரு பிழையும் செய்யவில்லை. இசை நின்றதும் அரங்கில் இருந்தவர்கள் “ஆறு! ஆறு!” என்று முழங்கினர். மதிப்பெண் பலகையில் முடிவு தெரிந்தது. ஐந்து நடுவர்கள் ரஷ்யாவை முதலிடத்தில் வைத்திருந்தனர். நால்வர் கனடாவை வைத்திருந்தனர். முழக்கம் கூச்சலாக மாறியது.

முடிவு தவறென்று அடித்துச் சொல்ல முடியாது. ரஷ்ய இணையின் ஆட்டத்தில் நுணுக்கம் அதிகம் என்று கருதிய வல்லுநர்கள் உண்டு. பிழையற்ற ஆட்டமே சிறந்தது என்று கருதியவர்களும் உண்டு. கருத்து வேற்றுமை அத்துடன் நின்றிருந்தால் அது மற்றுமொரு முணுமுணுப்பாகப் போயிருக்கும். ஆனால், ரஷ்யாவை ஆதரித்த ஐவரில் ஒருவரான பிரெஞ்சு நடுவர், தம் நாட்டுச் சறுக்குக் கூட்டமைப்பின் தலைவர் கொடுத்த அழுத்தத்தால் அவ்வாறு செய்ததாகக் கூறினார் என்ற செய்தி வெளிவந்தது. வேறொரு பிரிவில் பிரெஞ்சு இணைக்கு ஆதரவு கிடைப்பதற்கான பண்டமாற்று அது என்று பேசப்பட்டது. பின்னர் அந்த நடுவர் தாம் கூறியதாகச் சொல்லப்பட்டதை மறுத்தார். அனைத்துலகச் சறுக்குச் சங்கம் விசாரித்து, அவரையும் கூட்டமைப்புத் தலைவரையும் மூன்றாண்டுகளுக்கு விலக்கி வைத்தது.

பிப்ரவரி 15-ஆம் நாள் ஒலிம்பிக் குழு ஓர் அறிவிப்பைச் செய்தது. கனடிய இணைக்கும் தங்கம்! ரஷ்ய இணையின் தங்கமும் அவர்களிடமே இருக்கும். ஒரே போட்டிக்கு இரண்டு தங்கம். இரண்டு நாளுக்குப் பின் நான்கு பேரும் ஒரே மேடையில் நின்றனர். எனக்கு இதில் மிகவும் வருந்தத்தக்கவராகத் தெரிபவர் எலெனாதான். எந்தத் தவறும் செய்யாத அவருடைய பதக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இன்றும் யாரோ ஒருவருடைய வாக்கைப் பற்றித்தான் பேச வேண்டியுள்ளது.

இதன்பின் 6.0 முறை கைவிடப்பட்டது. 2004-இல் அனைத்துலகச் சறுக்குச் சங்கம் புதிய முறையை ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படை எளிது: ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் விலை வைப்பது. கடினமான தாவலுக்கு அதிக விலை. எளிய தாவலுக்குக் குறைந்த விலை. காற்றில் நான்கு முறை சுழலும் ‘டோ லூப்’ என்னும் தாவலின் அடிப்படைப் புள்ளி 9.5. அதே தாவலை மூன்று சுழற்சியோடு செய்தால் 4.2 மட்டுமே.

போட்டியாளர் எந்தத் தாவலைச் செய்தார், சுழற்சி முழுமை பெற்றதா என்பதை முடிவு செய்யத் தனியே ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. ஐயம் எழுந்தால் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது நடுவர்களின் வேலை வேறு. அத்தாவல் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தது என்பதற்கு -5 முதல் +5 வரை அவர்கள் தரம் இட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். நான்கு சுழற்சி டோ லூப் ஒன்றுக்கு ஒன்பது நடுவர்களும் 3, 3, 2, 3, 4, 3, 1, 3, 3 எனத் தரம் இடுகிறார்கள். இவற்றுள் மிக உயர்ந்ததும் (4) மிகத் தாழ்ந்ததும் (1) நீக்கப்படும். எஞ்சிய ஏழின் கூட்டுத்தொகை 20; சராசரி 2.86. ஒவ்வொரு படிக்கும் அடிப்படைப் புள்ளியில் பத்து விழுக்காடு, அதாவது 0.95 கூடும். ஆக, அந்தத் தாவலுக்கு 9.5 புள்ளியுடன் 2.71 சேர்ந்து 12.21 கிடைக்கும். ஒரு நடுவர் வேண்டியவருக்கு அள்ளிக் கொடுத்தாலும், வேண்டாதவருக்குக் கிள்ளிக் கொடுத்தாலும் அந்த எண் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், இரண்டு நடுவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒருவருடைய எண் மட்டுமே உதிரும். மற்றவருடையது கணக்கில் நிற்கும்.

இவற்றோடு ஆட்டத்தின் மொத்தத் தன்மைக்கும் புள்ளி உண்டு. ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் பத்துவரை மதிப்பிட வேண்டும். முன்பு ஐந்து கூறுகளாக இருந்ததை 2022-இல் மூன்றாகச் சுருக்கினர். அழகு என்ற பழைய விருந்தாளி இந்த வாசல் வழியாகத்தான் மீண்டும் உள்ளே வருகிறார். இசையோடு ஒன்றி ஆடுவதற்கு 8.75-ஆ, 9.25-ஆ என்று எந்தக் காணொளியை ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியும்? பெயர்பெற்ற ஆட்டக்காரருக்கு இப்பகுதியில் தாராளமும், புதியவருக்குச் சிக்கனமும் காட்டப்படுவதாகக் குறை கூறுவோர் உண்டு.

புதிய முறை வந்த பிறகும் சச்சரவு ஓயவில்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் யெவ்கெனி புளூஷென்கோ நான்கு சுழற்சித் தாவலைச் செய்தார். அமெரிக்காவின் எவன் லைசாசெக் அதை முயலவே இல்லை. ஆனாலும், லைசாசெக் 257.67 புள்ளியும் புளூஷென்கோ 256.36 புள்ளியும் பெற்றனர். வேறுபாடு 1.31. மிகக் கடினமான தாவலைச் செய்யாதவர் எப்படி வெற்றியாளர் ஆகலாம் என்று புளூஷென்கோ பொருமினார். தாவல் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே, மற்றவற்றை நேர்த்தியாகச் செய்தவர் வெல்லக் கூடாதா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எது பெரிது, துணிவா நேர்த்தியா என்பதில்தான் இருவரும் வேறுபட்டனர். அந்தக் கேள்விக்கு விடை, விலைப்பட்டியலை எழுதியவர்களின் கையில் இருந்தது.

நான்காண்டுக்குப் பின் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்தது இன்னும் கசப்பானது. 2010-இல் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் யுனா மீண்டும் களமிறங்கினார். முதல் ஆட்டம் முடிந்தபோது அவர் 74.92 புள்ளியுடன் முதலிடத்தில் இருந்தார். உள்நாட்டு வீராங்கனை அடெலினா சோட்னிகோவா 74.64 புள்ளியுடன் அவரை நெருங்கி நின்றார். இரண்டாவது ஆட்டத்தில் கிம் ஒரு பிழையும் செய்யவில்லை. அடெலினா ஒரு தாவலில் இலேசாகத் தடுமாறினார். இறுதி முடிவு: அடெலினா 224.59, கிம் 219.11.

மறு தேர்வு வேண்டும் என்று கோரிய இணைய மனுவில் இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். நடுவர்களில் ஒருவர் ரஷ்யச் சறுக்குக் கூட்டமைப்பின் உயர் பொறுப்பாளர் ஒருவரின் மனைவி என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. ஆனால், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அடெலினா மூன்று சுழற்சித் தாவல்கள் ஏழு செய்தார். கிம் ஆறு செய்தார். விலைப்பட்டியலின்படி அடெலினாவின் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே சற்று உயர்ந்த மதிப்புடையது. கொரியா அளித்த முறையீட்டை அனைத்துலகச் சறுக்குச் சங்கம் ஏற்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் யார் எவ்வளவு புள்ளி இட்டார்கள் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. சால்ட் லேக் சிட்டி நிகழ்வுக்குப் பின் ஒரு புதிய விதியும் சேர்க்கப்பட்டிருந்தது. எந்த நடுவர் எந்தப் புள்ளியை இட்டார் என்பது வெளியே தெரியாது. எண்கள் வெளியிடப்படும், பெயர்கள் மறைக்கப்படும். தாம் இட்ட புள்ளி தம் நாட்டுக் கூட்டமைப்புக்குத் தெரியாதெனில், நடுவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் பின்னிருந்த எண்ணம்.

எண்ணம் நல்லதுதான், விளைவு வேறாக இருந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ், பல போட்டிகளின் புள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார். நடுவர் குழுவில் தம் நாட்டவர் இருக்கும்போது ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆதரவு, பெயரை மறைத்த பிறகு குறையவில்லை; சற்றுக் கூடியிருந்தது. அழுத்தம் தருபவரின் கண்ணிலிருந்து நடுவரை மறைக்கப் போட்ட திரை, கேள்வி கேட்கும் பொதுமக்களின் கண்ணிலிருந்தும் அவரை மறைத்துவிட்டது.

அதே அறிஞர் வேறொரு விளையாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சரிவான மேடையிலிருந்து பறந்து இறங்கும் பனிச்சறுக்குத் தாண்டலிலும் நடுவர்கள் பாணிக்குப் புள்ளி வழங்குகிறார்கள். அங்கேயும் தம் நாட்டவருக்குச் சாதகமாக நடக்கும் நடுவர்கள் உண்டு. ஆனால், ஒரு நடுவர் சாய்ந்தால் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்து சரி செய்துவிடுகிறார்கள். பனிச்சறுக்கு நடனத்திலோ மற்றவர்களும் அதே பக்கம் சாயும் போக்கு காணப்பட்டது. தாண்டல் நடுவர்களை அனைத்துலகச் சங்கமே தேர்ந்தெடுக்கிறது. ஒருபக்கம் சாய்பவர்களுக்குப் பெரிய போட்டிகளில் வாய்ப்புக் குறையும். நடனத்தின் நடுவர்களை அந்தந்த நாட்டுக் கூட்டமைப்புகள் முன்மொழிந்தன. யார் அனுப்பி வைத்தாரோ, அவரை நோக்கித்தானே கண் போகும்?

2016-இல் பெயர் மறைக்கும் விதி நீக்கப்பட்டது. இப்போது போட்டி முடிந்ததும் விரிவான புள்ளித்தாள் வெளியாகிறது. எந்த நடுவர் எந்தத் தாவலுக்கு என்ன தரம் இட்டார் என்பதை எவரும் படிக்கலாம். ஒரே தாவலுக்கு ஒருவர் 1 என்றும், அருகில் அமர்ந்திருந்தவர் 4 என்றும் தரமிட்டிருப்பதைச் சில தாள்களில் காணலாம். ஒருவர் காலின் வளைவைப் பார்த்திருப்பார். மற்றவர் தாவலின் உயரத்தைப் பார்த்திருப்பார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கக்கூடும். அவர்கள் அமர்ந்திருப்பது பனித்தளத்தின் ஒரே பக்கத்தில். தாவலோ எல்லாத் திசைகளிலும் நிகழ்கிறது. தரமிடக் கிடைப்பவை சில விநாடிகள்.

நடுவர்களை மட்டுமே குறை சொல்வதும் பொருந்தாது. எதற்குப் புள்ளி தரலாம், எதற்குத் தரக்கூடாது என்ற விதிகளையும் மனிதர்களே எழுதுகிறார்கள். பிரான்ஸின் சூர்யா போனலி இதை நன்கு அறிந்தவர். பெயர் நமக்குப் பழகியதாக இருந்தாலும் அவர் பிறந்து வளர்ந்தது பிரான்ஸில். ஐந்து முறை ஐரோப்பிய வெற்றியாளர். வலிமையான தாவல்கள் அவருடைய சிறப்பு. நளினம் போதாது என்பது அவர்மீது தொடர்ந்து சொல்லப்பட்ட குறை. 1994 உலகப் போட்டியில் மிகச் சிறிய வேறுபாட்டில் தங்கத்தை இழந்தபோது, அவர் கண்ணீருடன் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில், காயத்திலிருந்து மீண்டு வந்திருந்த அவர் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து, ஒற்றைக் காலில் இறங்கினார். 1976 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெர்ரி குபிக்கா குட்டிக்கரணம் அடித்துக் காட்டிய பிறகு, ஆபத்தானது என்று அது தடை செய்யப்பட்டிருந்தது. பார்வையாளர்கள் ஆர்ப்பரித்தனர். நடுவர்களின் தாளில் அது விதிமீறலாகப் பதிந்து, புள்ளி குறைந்தது. போனலி பத்தாவது இடத்தைப் பெற்றார்.

2024-இல் அனைத்துலகச் சறுக்குச் சங்கம் அந்தத் தடையை நீக்கியது. அப்போது போனலிக்கு வயது 50.